சுற்றுலா விசா கேட்கும் சான்றுகள் யாருடைய வீட்டில் இருக்கின்றன?

அண்ணா சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கும் ஜெமினி முனையில், அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மதிலையொட்டி விடியற்காலையிலேயே வரிசை தொடங்கிவிடுகிறது. நெகிழி உறைகளில் அடுக்கப்பட்ட தாள்கள், இஸ்திரி கலையாத சட்டைகள், பட்டுப்புடவை உடுத்திய மூதாட்டிகள், அவர்களை இறக்கிவிட்டுச் சாலைக்கு எதிர்ப்புறம் காத்திருக்கும் மகன்கள். மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் ஆட்டோவில் அரை மணிக்குள் வந்துவிடக்கூடிய இடம் அது. பழவந்தாங்கலில் விமான நிலையத்தை அடுத்துள்ள பிள்ளையாருக்கு 'விசா கணபதி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தென்சென்னையின் நடுத்தர வர்க்க வாழ்வில் விசா அந்த அளவுக்கு இடம் பிடித்திருக்கிறது.

அந்த வர்க்கத்திடம் ஒரு மனக்குறையும் உண்டு. நம் நாட்டுக்கு வருகிற வெள்ளைக்காரர் வீட்டிலிருந்தபடியே கணினியில் விண்ணப்பித்து விசா பெறுகிறார். நாமோ கைரேகை கொடுத்து, வங்கிக் கணக்கைத் திறந்து காட்டி, அந்நிய அதிகாரியின் முன்னால் குற்றவாளிபோல் நிற்கிறோம் என்பது அது. கச்சேரி இடைவேளைகளிலும், குடியிருப்புச் சங்கக் கூட்டங்களிலும், நாளிதழ்களின் ஆசிரியர் கடிதங்களிலும் இந்தக் குரலைக் கேட்கலாம். இதைப் பொய் என்று நாம் தள்ளிவிடப் போவதில்லை. ஆனால் அக்குரல் பாதி உண்மையோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய பாதியைப் பேசுவதே இக்கட்டுரையின் வேலை.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரையும் நிரந்தரமாகத் தங்கிவிட எண்ணுபவராகவே கருதத் தொடங்குகிறது. அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை விண்ணப்பதாரருடையது. சுற்றுலா விசாவுக்கான கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர்; மறுக்கப்பட்டால் திரும்பி வராது. இதன்மேல் இன்னும் 250 டாலர் விதிக்க 2025 ஜூலையில் அங்கே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. அவ்வாண்டில் இந்தியாவிலிருந்து சென்ற ஏறத்தாழ 11 லட்சம் ஷெங்கன் விண்ணப்பங்களில் 1.65 லட்சம் மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றின் கட்டணத்தை மட்டும் கூட்டினால் ஒரு கோடி யூரோவைத் தாண்டும். பணக்கார நாடுகள், ஏழை நாடுகளின் மக்களிடம் 'வரக்கூடாது' என்று சொல்வதற்கே கட்டணம் வாங்குகின்றன. எதிர்த்திசையில், அமெரிக்கர் ஒருவர் இந்தியாவுக்கான ஓராண்டு மின்னணுச் சுற்றுலா விசாவை 40 டாலருக்கு, நேர்காணல் ஏதுமின்றிப் பெறுகிறார். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் 190-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு முன்விசா இன்றிச் செல்லலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அது 60-ஐ எட்டவில்லை. 2013-இல் பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நைஜீரியா, கானா ஆகிய ஆறு நாடுகளின் பயணிகளிடம் 3,000 பவுண்டு பிணைத்தொகை வாங்கத் திட்டமிட்டு, எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. அதே எண்ணத்தை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் மலாவி, ஜாம்பியா நாட்டவரிடம் 5,000 முதல் 15,000 டாலர் வரையிலான பிணையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆக, நாடுகளுக்கிடையே நீதி இல்லை. இதில் மயிலாப்பூரோடு நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. 'இந்தியர்' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் நாம் எல்லோரும் அந்தச் சாளரத்தின் முன் ஒரே ஆளாகவா நிற்கிறோம்?

இரண்டு தாய்மார்களைக் கற்பனை செய்து பார்ப்போம். இருவருக்கும் வயது 55. இருவருடைய பிள்ளைகளும் பிரிட்டனில் ஒரே பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பை முடித்திருக்கிறார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போய்வர இருவரும் விருந்தினர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். முதலாமவரின் வீடு மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒன்றில் இருக்கிறது. மாமனார் பெயரிலிருந்து கணவர் பெயருக்கும், அவர் பெயரிலிருந்து இவர் பெயருக்கும் முறையாக மாறிய பத்திரம் உண்டு. கணவரின் ஓய்வூதியம் மாதந்தோறும் வங்கியில் சேர்கிறது. வருமான வரிக் கணக்கு பத்தாண்டுகளாகத் தாக்கல் செய்யப்பட்டுள்ளது. மூத்த மகள் சிகாகோவில் இருப்பதால் கடவுச்சீட்டில் இரண்டு அமெரிக்க முத்திரைகள் ஏற்கெனவே விழுந்துள்ளன.

இரண்டாமவர், ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் வாழ்ந்தவர். மந்தைவெளியிலும் அபிராமபுரத்திலும் மூன்று வீடுகளில் சமையல் வேலையும் பாத்திரம் தேய்க்கும் வேலையும். ஊதியம் கையில் ரொக்கமாக. அவருடைய குடும்பத்தைப் பெரும்பாக்கம் அடுக்ககத்துக்கு மாற்றியபின், வேலைக்கு வர நாள்தோறும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்தில் வருகிறார். கையில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் இல்லை. குடும்ப அட்டையில் ஒரு முகவரி, ஆதாரில் இன்னொன்று. மகன் அரசு உதவித்தொகையில் படித்தவன்.

விசா அதிகாரி இருவரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார். ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உறுதி? சொத்து உண்டா? ஆறு மாத வங்கிக் கணக்கு எங்கே? வேலை கொடுப்பவரின் விடுப்புக் கடிதம் எங்கே? இதற்கு முன் வெளிநாடு போயிருக்கிறீர்களா? கேள்விகளில் சாதி இல்லை. முதலாமவர் அரை மணியில் தாள்களை எடுத்து அடுக்கிவிடுவார். இரண்டாமவரிடம் அடுக்குவதற்குத் தாள் இல்லை. அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிற அதிகாரி சாதி என்ற சொல்லையே கேள்விப்பட்டிராதவராக இருக்கலாம். சாதி தன் வேலையை இங்கேயே, அவர் பிறப்பதற்கு முன்பே, முடித்துவிட்டது.

சொத்து என்கிற சான்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அளிக்கப்பட்டவை. அவற்றில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் விளக்கத் தேவையில்லை. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு இருக்கும் பட்டியலினத்தவர் நாடு முழுவதும் சாகுபடி செய்யும் பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நகரத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஜெர்மனியின் துணைத் தூதரகம் ராஜா அண்ணாமலைபுரத்தின் போட் கிளப் சாலையில் இருக்கிறது. அதே ராஜா அண்ணாமலைபுரத்தின் கோவிந்தசாமி நகரில் 2022-இல் வீடுகள் இடிக்கப்பட்டபோது, மே மாதம் ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். பல பத்தாண்டுகள் வாழ்ந்த மண்ணில் தாம் வேரூன்றியவர்கள் என்பதைத் தம் மாநில அரசிடமே மெய்ப்பிக்க முடியாதவர்கள், 'சொந்த நாட்டோடு உள்ள பிணைப்பை' அயல்நாட்டு அதிகாரியிடம் எந்தத் தாளைக் கொண்டு மெய்ப்பிப்பார்கள்?

ஊதியச் சான்றும் அப்படித்தான். ரங்கநாதன் தெருக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்று விற்பவர்களிடமும், தேனாம்பேட்டை, அடையாறு மண்டலங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் கீழ்க் குப்பை அள்ளுபவர்களிடமும் விடுப்புக் கடிதம் கேட்பது வேடிக்கை. விடுப்பு எடுத்தால் வேலையே போகும் இடம் அது. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகையின் முன் தூய்மைப் பணியாளர்கள் போராடியபோது, தனியார்மயத்துக்குப் பின் கிடைக்கும் என்று பேசப்பட்ட மாத ஊதியம் ஏறத்தாழ 17,000 ரூபாய். அமெரிக்க விசாவின் 185 டாலரை ரூபாயில் மாற்றிப் பார்த்தால், அது கிட்டத்தட்ட அந்த ஒரு மாத ஊதியம்.

முந்தைய பயணம் என்னும் சான்று இன்னும் நுட்பமானது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியருக்கென ஒரு சலுகையை அறிவித்தது. மூன்றாண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டு பலமுறை விசா; அதன்பின் ஐந்தாண்டு. நாளிதழ்கள் இதை இந்தியாவுக்குக் கிடைத்த மதிப்பாகக் கொண்டாடின. பயணம் செய்தவருக்கே மேலும் பயணம் எளிதாகும் என்பதே அதன் பொருள். வட்டிக்கு வட்டி சேர்வதுபோல் முத்திரைக்கு முத்திரை சேர்கிறது. முதல் முத்திரை விழாத குடும்பத்துக்கு அச்சலுகையில் ஒரு எழுத்தும் இல்லை.

அழைப்பவர் யார் என்பதும் உண்டு. அமெரிக்காவில் வாழும் இந்தியரில் தலித்துகளும் பிற அடித்தட்டுச் சாதியினரும் 1.5 விழுக்காடு மட்டுமே என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2003-ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. அழைப்புக் கடிதம் எழுதவும், செலவை ஏற்கவும், படிவத்தை நிரப்பித் தரவும் அங்கே உறவினர் இருக்கிற குடும்பங்கள் எவை என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது. மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களின் முன்வரிசையை நிரப்பும் அயலகத் தமிழர்கள் பலரிடம், ஆயுள் முழுவதும் விசா இன்றி வந்துபோக இந்திய அரசு வழங்கும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை இருக்கிறது. ஒரே குடும்பம் இரு திசைகளிலும் தடையின்றி நடமாடுகிறது. அமெரிக்க விசாப் படிவத்தில் 'நீங்கள் ஏதேனும் குலத்தையோ பழங்குடியையோ சேர்ந்தவரா' என்று ஒரு கேள்வி இருப்பதை இங்கே குறிப்பிடலாம். நம்மூர் விண்ணப்பதாரர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1930-களின் நடுவில் எழுதி, அவர் மறைவுக்குப் பிறகு 1990-இல் மக்கள் கல்விக் கழகம் சிறுநூலாக வெளியிட்ட தன்வரலாற்றுக் குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அந்நூலில் அயல்நாட்டுத் தூதரகம் எதுவும் வருவதில்லை. தந்தையைப் பார்க்கப் புறப்பட்டு ரயில் நிலையத்தில் மாட்டுவண்டி கிடைக்காமல் தவித்த சிறுவர்கள் வருகிறார்கள். கொலம்பியாவில் படித்துத் திரும்பியவர் பரோடாவில் பார்சி விடுதியில் மாற்றுப் பெயரில் தங்கி, தடிகளோடு வந்த கூட்டத்தால் வெளியேற்றப்படுகிறார். தௌலதாபாத் கோட்டையின் குளத்தில் கைகால் கழுவியதற்காக வசைபாடப்படுகிறார்கள். நியூயார்க்கிலும் லண்டனிலும் அறை கிடைத்த மனிதருக்குச் சொந்த நாட்டின் ஊர்களில் அறை கிடைக்கவில்லை. எல்லையைக் கடக்க அனுமதி என்பது தலித்துகளுக்கு நாட்டின் விளிம்பில் தொடங்குவதில்லை, தெருமுனையில் தொடங்குகிறது என்பதை அத்தலைப்பைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சென்னைக்கும் அப்படியொரு வரலாறு உண்டு. பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் அலுவலகங்களிலும் எல்லாச் சாதியினரும் நடமாடலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-இல். தெருவில் நடப்பதற்கு ஓர் அரசாணை தேவைப்பட்டது. அந்த ஆணைக்கு நூறாண்டு ஆகிறது. மாட வீதிகளில் இன்று யாரும் நம்மைத் தடுப்பதில்லை. வீடு வாடகைக்குக் கேட்கும்போதுதான் 'சைவமா' என்ற கேள்வி வருகிறது. அதுவும் ஒருவகை விசா நேர்காணல்தான். சொல்லவேண்டிய சரியான விடை என்ன என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

தமிழர்களின் கடல் கடந்த பயணத்திலும் இரண்டு வாயில்கள் எப்போதும் இருந்தன. 1914 முதல் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் படகு ரயில் ஓடியது. வசதியுள்ள பயணி ஒரே சீட்டில் இக்கரையிலிருந்து அக்கரை போனார். தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களோ, அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர், மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டு, மருந்தில் குளிப்பாட்டப்பட்டு, சோதிக்கப்பட்ட பின்பே கப்பலேறினார்கள். நோய்த் தடுப்பு என்று அதற்குப் பெயர் இருந்தது. கிருமிகள் பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்து ஏறுபவை போலும்.

ஆவணம் கேட்பது ஓர் ஆயுதமாக முடியும் என்பதையும் அதே மக்கள்தான் முதலில் அனுபவித்தார்கள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைச் சாதியாலோ மொழியாலோ பெயர் சொல்லி விலக்கவில்லை. தந்தை, பாட்டன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயன் அறைகளில் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அவர்களுடைய கருத்தைக் கேட்கவேண்டும் என்று கொழும்புக்கும் தோன்றவில்லை, டெல்லிக்கும் தோன்றவில்லை.

இனி இந்திய அரசின் பக்கம் திரும்புவோம். வெளிநாட்டு விசா விதிகள் பாகுபாடு காட்டுகின்றன என்று குறைகூறும் அரசு, தன் குடிமக்களின் கடவுச்சீட்டில் என்ன செய்கிறது? வெளிநாடு செல்வது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்தது. 1978-இல் மேனகா காந்தி வழக்கு அதை மேலும் விரிவாக்கியது. அதன் பின்னர் வந்த 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டில் 'குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை' என்ற குறிப்பு இடப்படுகிறது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவருக்குத் தனி அனுமதி வேண்டும். வருமான வரி செலுத்துபவருக்கு விலக்கு உண்டு. தொழிலாளரைக் காக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். நோக்கத்தை நாம் முழுதாக ஐயுறவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பை முடிக்காதவர்கள் இந்நாட்டில் எந்தச் சேரிகளில் மிகுதி என்பது யாவரும் அறிந்ததே. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கான தண்டனை கடவுச்சீட்டிலும் தொடர்கிறது. சுற்றுலாவுக்குச் செல்லும்போது அந்த அனுமதி தேவையில்லை என்பதே விதி. ஆயினும் அக்குறிப்பைக் கண்டதும் குடிவரவு மேசையில் கேள்விகள் நீள்வதை மீனம்பாக்கத்தில் நின்றவர்கள் அறிவார்கள். சுற்றுலாப் பயணி என்றால் இப்படித்தான் இருப்பார் என்று ஒரு தோற்றம் அந்த மேசையின் மனத்தில் இருக்கிறது. நம் மக்கள் பலருக்கு அந்தத் தோற்றம் இல்லை.

2018 ஜனவரியில் ஒன்றிய வெளியுறவு அமைச்சகம் இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தக் குறிப்புள்ளவர்களுக்கு ஆரஞ்சு நிற அட்டையோடு தனிக் கடவுச்சீட்டு என்று அறிவித்தது. கையில் எடுத்த மாத்திரத்தில், பக்கம் புரட்டாமலேயே, இவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்பது உலகின் எந்த விமான நிலையத்திலும் தெரிந்துவிடும். கடும் எதிர்ப்பு எழுந்து, அம்மாத இறுதியிலேயே அமைச்சகம் பின்வாங்கியது. நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரிப்பது பற்றி நாம் மேலைநாடுகளுக்குப் பாடம் நடத்தும்போது இந்த ஆரஞ்சு அட்டையை மறந்துவிடக் கூடாது.

காப்பு விதிகள் மக்களை எங்கே தள்ளுகின்றன என்பதையும் பார்க்கவேண்டும். குறிப்புள்ள கடவுச்சீட்டோடு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண் 30 வயதைக் கடந்திருக்கவேண்டும். 2016 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகவே செல்லவேண்டும். தமிழ்நாட்டில் அதற்கென இருப்பது 1978-இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு மனிதவள நிறுவனம். அது நெடுங்காலம் அடையாற்றில் இயங்கி, இப்போது கிண்டியில் இருக்கிறது. அந்த வாசலுக்கு வரத் தெரியாதவர்களை, வர நேரமில்லாதவர்களை முகவர்கள் சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புகிறார்கள். சுற்றுலா விசாவில் போனவருக்கு வேலை ஒப்பந்தமும் காப்பீடும் இல்லை. புகார் கொடுத்தால் அவரே சட்டத்தை மீறியவர். 2022-இல் தகவல் தொழில்நுட்ப வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு மியான்மரின் மோசடி முகாம்களில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் அக்டோபரில் சென்னை திரும்பியது நினைவிருக்கும். தாய்லாந்து 2023 நவம்பரிலும் மலேசியா அவ்வாண்டு டிசம்பரிலும் இந்தியருக்கு விசாவையே நீக்கின. நமக்கு அது நல்ல செய்திதான். ஆனால் செலவழிக்க வருபவருக்காகத் திறக்கப்பட்ட அக்கதவின் வழியே பிழைப்புத் தேடி நுழைபவருக்கு, உள்ளே எந்த உரிமையும் எழுதப்படவில்லை.

சுற்றுலா என்ற சொல் இங்கே சிலருக்கு இடறலாம். மூன்று வேளை உணவுக்கே போராடும் மக்களுக்குச் சுற்றுலா விசா ஒரு பொருட்டா என்று நம் தோழர்களே கேட்பார்கள். சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்கும் ஆசை தலித் குடும்பத்துக்கு இருக்கக் கூடாதா என்று திருப்பிக் கேட்கலாம்; தி. நகரின் பயண முகவர் கடைகளில் அந்தக் கனவு தவணை முறையில் விற்கப்படுகிறது, வாங்குபவர்களில் நம்மவர்களும் உண்டு. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குறுகிய காலப் பயண விசா என்பதுதான் மாநாட்டுக்கும், சாட்சியத்துக்கும், மகளின் பேறுகாலத்துக்கும், மகனின் பட்டமளிப்புக்குமான விசா. அவற்றுக்கும் அதே சாளரம், அதே வங்கிக் கணக்கு.

2001-இல் டர்பன் நகரில் நடந்த இனவாத எதிர்ப்பு மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து தலித்துகள் பெருந்திரளாகச் சென்றார்கள். சாதி உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு வாதாடியபோது, அங்கே நேரில் நின்று மறுத்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டே, பிறப்பு அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு தன் 29-ஆவது பொதுப் பரிந்துரையில் தெளிவுபடுத்தியது. ஜெனீவாவில் அக்குழுவின் முன் இன்று பேசவேண்டுமானால் ஷெங்கன் விசா வேண்டும். வன்கொடுமையில் மகனை இழந்த ஒரு தாய், நடந்ததைத் தம் வாயால் சொல்ல ஜெனீவா போகவேண்டும் என்றால், தம் வங்கி இருப்பையும் 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீட்டையும் காட்டவேண்டும். செலவை ஓர் அமைப்பு ஏற்றாலும், ஊர் திரும்புவார் என்ற ஐயத்துக்கு அவர் விடை சொல்லவேண்டும். இதனால் நடப்பது என்ன? பாதிக்கப்பட்டவருக்குப் பதிலாக, கடவுச்சீட்டில் முத்திரைகள் உள்ள ஆங்கிலம் தெரிந்த ஒருவர் போகிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் அவர் பேசுவது கேட்டறிந்த செய்தியைத்தான்.

உலக அரங்கில் தலித்துகளின் குரலுக்கு இந்திய அரசே எழுப்பிய தடை இதைவிட நீளமானது. பன்னாட்டு தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டு விண்ணப்பித்தபோது, இந்தியா கேள்விமேல் கேள்வி கேட்டு ஏறத்தாழ 15 ஆண்டுகள் இழுத்தடித்தது. 2022 டிசம்பரில்தான் அது கிடைத்தது. சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமாக 2023 பிப்ரவரியில் சியாட்டில் ஆனது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த நகர்மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த், பெங்களூரில் நோயுற்றிருந்த தாயைக் காண வர இந்திய விசா கேட்டபோது மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டார். 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசின் அழைப்பில் மாநாட்டுக்கு வந்த பேராசிரியர் நிதாஷா கௌல் பெங்களூரு விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். காரணம் கூறாமல் மறுக்கும் வெளிநாட்டு அதிகாரியைப் பற்றிய நம் புகார்களை இந்த நிகழ்வுகளுக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம்.

எனவே, 'அவர்கள் நம்மை நடத்துவதுபோல் நாமும் அவர்களை நடத்துவோம்' என்ற பரிமாற்றக் கோரிக்கை நம்மைக் கவரவில்லை. பிரேசில் 2025 ஏப்ரலில் அமெரிக்கர், கனடியர், ஆஸ்திரேலியருக்கு மீண்டும் விசா விதித்தது. ஓர் அரசின் தன்மானத்துக்கு அது உகந்ததாக இருக்கலாம். டெல்லியும் அவ்வாறே செய்தால் மாமல்லபுரத்தில் சிலை விற்பவருக்கு வருமானம் குறையும்; பெரும்பாக்கத்துத் தாய்க்கு விசா கிடைக்காது. நாடுகள் சமமாவதால் மட்டும் நாட்டுக்குள் இருப்பவர்கள் சமமாவதில்லை.

கேட்கவேண்டியவை வேறு. மறுப்புக்கான காரணம் விண்ணப்பதாரரின் மொழியில், எழுத்தில் வரவேண்டும், மேல்முறையீடு வேண்டும். ஷெங்கன் விசாவில் மேல்முறையீட்டு உரிமை சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டன் குடும்பத்தைக் காண வருவோருக்கு இருந்த அவ்வுரிமையை 2013 ஜூனில் பறித்துவிட்டது. அமெரிக்காவில் துணைத் தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றம் பொதுவாகத் தொடுவதில்லை. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. மறுக்கப்பட்ட விண்ணப்பத்தின் கட்டணத்தில் ஒரு பகுதியேனும் திரும்ப வேண்டும். இந்தியா தடையற்ற வணிக ஒப்பந்தங்களைப் பேசும்போதெல்லாம் மென்பொருள் வல்லுநர்களின் விசா பேச்சுமேசையில் இடம்பெறுகிறது. அதே மேசையில் வீட்டுவேலை செய்யும் தாயின் விருந்தினர் விசாவும் இடம்பெறவேண்டும். கடவுச்சீட்டில் படிப்பைக் கொண்டு மனிதரைப் பிரிக்கும் குறிப்பு ஒழியவேண்டும்.

இவையெல்லாம் டெல்லியும் பிற தலைநகரங்களும் செய்யவேண்டியவை, காலம் பிடிக்கும். சென்னையிலேயே, இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க, அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. பாராட்டத்தக்க திட்டம். அம்மாணவர்களின் பெற்றோர் ஒருமுறை பட்டமளிப்பைக் காணப் போய்வருவதற்கான செலவு, அதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. பிரிட்டனின் விருந்தினர் விதிகள், பயணச் செலவையும் தங்கும் செலவையும் மூன்றாம் தரப்பு ஏற்பதை அனுமதிக்கின்றன. ஜெர்மனியில் செலவை ஏற்பவர் கையொப்பமிடும் உறுதிமொழிப் படிவமே உண்டு. அந்த மூன்றாம் தரப்பாக ஒரு மாநில அரசு இருக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. இன்னாரின் பயணச் செலவை அரசு ஏற்கிறது, இவருடைய குடியிருப்பு இன்ன இடத்தில் வாரியத்தால் ஒதுக்கப்பட்டது, இவர் இத்தனை ஆண்டுகளாக இந்நகரில் வாழ்பவர் என்று அரசு முத்திரையோடு ஒரு கடிதம் போதும். சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் ஆதிதிராவிடர் நலத்துறை அதை எழுதத் தொடங்கலாம். அடுத்த பட்டமளிப்புப் பருவம் ஜூலையில் வருகிறது. விசாவுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.